திங்கள், புதன், வெள்ளி

ஹலோ... ஆங், ஹலோ... நெடுங்காடு உரக்கடை தாங்க, செந்தில்குமார் பேசறேன்... யூரியா இன்னும் வரலீங்க. லாரி வந்தா நானே போன் பண்ணிச் சொல்றேன்னு சொல்லிட்டேன்ல, சும்மா சும்மா... யாரு?... ஐயையோ! டாக்டரம்மாவா? மேடம், மன்னிச்சிக்கங்க மேடம். புது நம்பரா இருந்துச்சு, எவனோ யூரியாவுக்கு அடி போடறான்னு நெனச்சிட்டேன்... ஆமாங்க, ஆமாங்க, முத்தமிழோட அப்பா தான்.

இன்னிக்கு சாயங்காலம் வர்றோம் மேடம், மறக்கல. என் வீட்டுக்காரி சிவப்ரியா ஆபீஸ்ல பர்மிஷன் சொல்லிட்டா. நாகப்பட்டினத்துலேர்ந்து நேரா காரைக்காலுக்கு வந்து ஒங்க கிளினிக் வாசல்லயே நிக்கறேன்னு சொல்லியிருக்கா. நான் இங்கேர்ந்து புள்ளயக் கூட்டிக்கிட்டு... ம்?... அதுக்கு முன்னாடியே பேசணுமா?... சொல்லுங்க மேடம். ஒண்ணும் பயப்படற மாதிரி இல்லியே?

ம்... ம்... ஆமாம்... மாத்திரையோட அளவ ஏத்தறதப் பத்தி... ஆமாம் மேடம், போன தடவ சொன்னீங்க. புள்ள ஒரு எடத்துல நிக்காம ஆடறது இதே மாதிரி போச்சுன்னா இன்னிலேர்ந்து டபுளாக்கிப் பாக்கலாம்னு சொன்னீங்க. அன்னிலேர்ந்து என் வீட்டுக்காரி ஒரு வாய் நிம்மதியாச் சாப்புடல. எட்டு வயசுப் புள்ளைக்கு இன்னும் எவ்வளவு மருந்துன்னு தலையணைய நனைக்கிறா. அந்த மாத்திரையோட ஸ்கூலுக்குப் போயும் ஆடுதுன்னா... ம்... ஆமாம்... என்ன செய்யறது, ஏத்தணும்னா ஏத்துங்க மேடம். நீங்க படிச்சவங்க.

என்னது?... ரெண்டு பேரு சொல்றதும் ஒத்து வரலியா? எந்த ரெண்டு பேரு?... நானும் கிளாஸ் டீச்சர் கிறிஸ்டி மிஸ்ஸுமா! ஒங்களுக்கே போன் பண்ணிட்டாங்களா? பாத்தீங்களா மேடம், பாத்தீங்களா? அங்க தான் மேடம் கோளாறு. புள்ளகிட்ட இல்ல. பள்ளிக்கூடத்துல தான் இருக்கு.

சொல்லட்டும் சொல்லட்டும், என்ன சொன்னாங்க?... போன வாரம் திங்கக்கெழம ஜன்னல் கம்பில ஏறி ரயில் வருதான்னு பாத்துச்சு. ஆமாம், அது எனக்கும் தெரியும்... புதன்கெழம எல்லாரு டிபன் பாக்ஸ் மூடியையும் மாத்தி வெச்சிடுச்சு. சரி, அது ஒரு வெளையாட்டு... வெள்ளிக்கெழம... ம்... பெல்லு. அந்தப் பெல்லு விஷயம். மேடம், அத மட்டும் நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. நேரத்துக்கு முன்னாடியே மணி அடிச்சது எங்க புள்ள தான், ஒத்துக்கறேன். ஆனா அதக் கேட்டு பையத் தூக்கிக்கிட்டு மொத ஆளா வாசல் கேட்டு வரைக்கும் போனது யாரு? கிறிஸ்டி மிஸ்ஸு! கையில கடிகாரம் கட்டியிருக்காங்கல்ல, அதப் பாக்க மாட்டாங்களா?... சிரிக்கிறீங்க. சிரிங்க மேடம். என்னைய அங்க கூப்புட்டு நிக்க வெச்சப்ப யாரும் சிரிக்கல. ஒங்க புள்ளைக்கு வேற எடம் பாத்துக்கங்கன்னு ஹெட்மாஸ்டர் சொல்லாம சொன்னாரு.

நான் சொன்னத அப்புடியே சொல்றேன் மேடம், அன்னிக்கும் இதான் சொன்னேன், இன்னிக்கும் இதான். அதே திங்கள், அதே புதன், அதே வெள்ளி. சாயங்காலம் வேன்ல எறங்கி இந்தக் கடைக்கு வருதா, கொஞ்ச நேரந்தான். கை கால் அலம்பி, ஒரு பன்னு தின்னு, அந்தக் கல்லாப்பெட்டி பக்கத்துல ஸ்டூலப் போட்டு உக்காந்துடுச்சுன்னா, அசையாது மேடம். வாய்ப்பாடு, தமிழ் பாடம், இங்கிலீஷு ஸ்பெல்லிங்கு, வரிசையா. கடைல ட்ராக்டர் வந்து நின்னாக் கூட தலயத் தூக்காது. ஒரு எட்டு வந்து பாருங்க, நான் பொய் சொல்லல. ஊருல கேளுங்க. செந்தில்கிட்ட மட்டும் எப்புடிய்யா இந்தப் புள்ள அடங்குதுன்னு வரிச்சிக்குடி வரைக்கும் பேச்சு. என் வீட்டுக்காரிக்கே கொஞ்சம் பொறாமை.

அத வளக்கத் தெரிஞ்சி வளக்கணும் மேடம். அதட்டக் கூடாது. எங்க வீட்ல, கடைல, சத்தங்கற பேச்சுக்கே எடம் கெடயாது... ஏய்! அந்த மூட்டைய அங்க வெக்காதன்னு எத்தன தடவடா சொல்றது! நனையும்ல! மண்டைல என்ன இருக்கு ஒனக்கு!... மேடம், ஹலோ... இல்ல இல்ல, அது லோடு எறக்கறவரு. அவருகிட்ட கொஞ்சம் சத்தமாப் பேசினாத் தான் கேக்கும்.

செவ்வாய், வியாழனா?... அதாங்க மேடம் அதிசயம். அந்த ரெண்டு நாளும் ஸ்கூல்ல ஒரு புகாரு கெடயாது. இங்க வந்தா தலகீழ். மூட்ட மேல ஏறி குதிக்கும், தராசுத் தட்டுல உக்காரும், எடைக்கல்ல எடுத்து ஒளிச்சி வெக்கும். ஸ்கூல்ல அடக்கி அடக்கி வெக்கிறாங்க, அதான் இங்க வந்து வெடிக்குதுன்னு நான் முடிவு பண்ணிட்டேன்... ஒங்களுக்கும் புரியலியா? ஒங்களுக்கே புரியலன்னா சரிதான்.

ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம் மேடம்... யக்கா, காசியம்மாக்கா, செத்த இரு, டாக்டரு லைன்ல இருக்காங்க... என்னது, கேக்கலியா? எந்த மருந்து? இலைச்சுருட்டுப் புழுவுக்குக் குடுத்தேனே, அதுவா?... இன்னும் கடுமையா வேணுமா? டபுளா ஊத்தி அடிக்கவா? நல்லா இருக்கு. மொதல்ல நீ ஒண்ணு சொல்லு. எப்ப அடிச்ச?... நாளு கேக்கல, நேரம் கேக்கறேன்... அடிச்சி முடிச்ச கையோட மழ கொட்டுச்சா! பின்ன எப்புடி கேக்கும்? மானம் இருட்டிக்கிட்டு நிக்கிது, அண்ணாந்து பாக்க மாட்டியா? இஞ்ச பாரு, மருந்துல ஒரு கொறையும் இல்ல. நீ அடிச்ச நேரம் தான் கொற. எதுக்கும் ஒரு நேரம் இருக்கு, அந்த நேரத்துல அடிச்சாத் தான் வேல செய்யும். டபுளா ஊத்தினா புழுவுக்கு முன்னாடி ஒன் பயிரு கருகிப் போவும். போ, அந்த பெஞ்சில உக்காரு, வர்றேன்.

சாரி மேடம். இவங்க கூட தெனம் இதே ரோதன. மருந்து சரியில்ல, மருந்து சரியில்லன்னு நேரா கடைக்கு வந்துடறது. நான் யாரு வந்தாலும் மொதல்ல எப்ப அடிச்சன்னு தான் கேப்பேன். அதுலயே பாதி வெளங்கிடும்... ம்?... ரொம்ப நல்ல கேள்வியா? தேங்க்ஸ் மேடம்... நானா?... நான் எப்ப குடுக்கறேனா? எத?... ஓ, மாத்திரையா.

காலைல மேடம்.

ஆமாம், சாப்புட்டப்பறம்... ஆமாம் ஆமாம், நான் தான் குடுப்பேன். சிவப்ரியா ஏழு மணி பஸ்ஸுக்கு ஓடிடுவா. இட்லி ஊட்டறது, ரெட்டச் சட போடறது, வண்டில ஸ்கூலுக்குக் கொண்டுபோயி விடறது எல்லாம் நம்ம டிபார்ட்மென்ட். சட ஒண்ணு மேல, ஒண்ணு கீழ போவும், அது வேற விஷயம்... தெனமுமா? தெனமும் ஒரு மாத்திரை. ஒரு நாள் விட்டது கெடயாது மேடம். அட்டையக் கொண்டாந்து காட்டறேன், நீங்களே பாத்துக்கங்க... ம்... அதே நேரத்துலயா?... தெனமும் அதே நேரத்துலயான்னா... அது வந்து மேடம்... கொஞ்சம் முன்ன பின்ன...

ஹலோ? ஹலோ? மேடம், சரியாக் கேக்கல... இங்க டவரு கொஞ்சம் மக்கர்... ஹலோ... ஒங்களுக்கு நல்லாக் கேக்குதா?... மூச்சு விடறது கூடவா?... அப்புடியா. இப்ப எனக்கும் கேக்குது.

கோவப்படக் கூடாது நீங்க. நான் புள்ளையோட நன்மைக்குத் தான் செஞ்சேன். காலைல நாங்க ரெடியாவறது எட்டு மணிக்கு. செவ்வாய், வியாழன் பிரச்சனை இல்ல, எட்டு மணிக்கு டாண்ணு குடுத்துடுவேன். திங்கக்கெழம ஏழரைலேர்ந்து ஒம்போது வரைக்கும் என்ன நேரம்?... தெரியாதா? நீங்க கோயில்பத்து சர்ச்சுக்குப் போறவங்க, ஒங்களுக்கு எப்புடித் தெரியும். ராகு காலம் மேடம்! அந்த நேரத்துல நான் இந்தக் கடை ஷட்டரையே தூக்க மாட்டேன். ஒரு பாக்கெட் வெண்டை வெத கூட விக்க மாட்டேன். பெத்த பொண்ணு வாயில மருந்தப் போடுவேனா?

இருங்க, இன்னும் இருக்கு. புதன்கெழம. அதே ஏழரை டு ஒம்போது. எமகண்டம்! பேருலயே எமன் உக்காந்திருக்கான்... ம்... வெள்ளிக்கெழமயா? வெள்ளிக்கெழம அதே நேரம் குளிகை. இல்ல இல்ல, குளிகை கெட்ட நேரம்னு சொல்ல முடியாது. ஆனா அதுல எதச் செஞ்சாலும் அது திரும்பத் திரும்ப நடக்கும். நக வாங்கலாம், தப்பில்ல, மேல மேல வாங்குவோம். ஆனா மருந்து சாப்புட்டோம்னு வைங்க, திரும்பத் திரும்ப மருந்து சாப்புடற மாதிரி ஆயிடும்ல?... ம்?... நீங்க திரும்பத் திரும்பச் சாப்புடத் தான் குடுத்தீங்களா?... தெனமும்...

ஆமாம்ல.

அத நான் யோசிக்கல மேடம்.

மேடம்?... மேடம், லைன்ல இருக்கீங்களா?... இப்ப நெசமாவே கட்டாயிடுச்சா?... இருக்கீங்க. சரி. குடுக்கவே இல்லியான்னா கேக்கறீங்க?... இல்ல இல்ல, குடுக்காம விடல! ஐயோ, அதச் சொல்லலியா நான்? தப்பா நெனச்சிட்டீங்களா? மாத்திரைய பேப்பர்ல மடிச்சி இந்தச் சட்டப் பாக்கெட்ல வெச்சிப்பேன். சாயங்காலம் கடைக்கு வந்ததும் நல்ல நேரம் பாத்து பன்னோட குடுத்துடுவேன். வேஸ்ட்டு பண்ணல. காலைல போனா என்ன, சாயங்காலம் போனா என்ன, உள்ள போனா சரிதானே...

ம்...

ம்... அது உள்ள போயி எவ்வளவு நேரம் வேல செய்யும்?... ஒரு பள்ளிக்கூட நேரம் பூராவுமா... ம்... அதுக்காகத் தான் காலைலன்னு சொன்னீங்க... ம்... சாயங்காலம் குடுத்தா?... தூக்கமா? ஆமாம் மேடம், அதயும் கேக்கணும்னு தான் இருந்தோம். ராத்திரி தூங்கவே மாட்டேங்குது. ஃபேனு எத்தன சுத்து சுத்துதுன்னு கேட்டுக்கிட்டே படுத்திருக்கும்... தெனமுமா? இல்ல, சில நாள் தான். எந்த நாளுன்னா... இருங்க, யோசிக்கிறேன்... திங்கக்கெழம ராத்திரி. நேத்து தூங்கிடுச்சு. திங்கக்கெழம... வெள்ளிக்கெழம... புதன்...

சாப்பாடா? அந்த ராத்திரி தோசையத் தொடாது. சிவப்ரியா தட்டத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே ஓடுவா. ஆமாம். அதே நாளு தான்.

மேடம், இருங்க. இருங்க இருங்க. அவசரப்படாதீங்க, நான் கொஞ்சம் மெதுவா வர்றேன். அப்ப திங்கள், புதன், வெள்ளி ஸ்கூல்ல அது இருந்தது மாத்திரையே இல்லாம... ம்... செவ்வாய், வியாழன் மாத்திரையோட... ஆமாம்... அதனால தான் அங்க நல்ல பேரு... சாயங்காலம் மாத்திரையோட வேகம் கொறஞ்சி போயி இங்க வந்து மூட்ட மேல குதிச்சிது. சரி. வெளங்குது.

அப்ப திங்கள், புதன், வெள்ளி இங்க என்கிட்ட உக்காந்தது...

அது நான் இல்லியா மேடம்?

...

இல்ல மேடம். ஒண்ணும் இல்ல. பேசுங்க, கேக்குது... தூசி. உரக்கடைல்ல, கண்ணுல எதாவது விழுந்துக்கிட்டே தான் இருக்கும்.

ஊரு பூரா சொல்லிட்டேன் மேடம். அதான். டீக்கடைல சொன்னேன், மச்சான்கிட்ட சொன்னேன், கிறிஸ்டி மிஸ்ஸு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். சிவப்ரியாவ... ஒனக்குப் புள்ள வளக்கத் தெரியல, என்கிட்ட வந்து கத்துக்கன்னு சொன்னேன். அவ அழுதுட்டுப் போயிட்டா. எனக்கு அப்புடி ஒரு பெருமை மேடம். நானும் பத்தாவதுல ரெண்டு தடவ கோட்டை விட்டவன். எங்க வாத்தியாரு என்னைய பெஞ்சு மேல நிக்க வெச்சே படிக்க வெச்சாரு. அப்பேர்ப்பட்டவன் பக்கத்துல ஒரு புள்ள உக்காந்து வாய்ப்பாடு சொல்லுதுன்னா... விடுங்க.

பெருமை போவட்டும். ஸ்கூல்ல அந்த மூணு நாளும் புள்ளைய வெளில நிக்க வெச்சாங்களே, வராண்டால. அது அங்கேர்ந்து எனக்கு டாட்டா காட்டும். நான் அந்தப் பக்கமாப் போறப்ப வண்டில நின்னு பாத்துட்டு கிறிஸ்டி மிஸ்ஸத் திட்டிக்கிட்டே வருவேன். நிக்க வெச்சது அவங்க இல்ல மேடம். நான். பாக்கெட்ல மாத்திரைய வெச்சிக்கிட்டு நான் தான் நிக்க வெச்சிருக்கேன்.

ம்... ம்... தெரிஞ்சி செய்யலன்னு நீங்க சொல்லலாம்... ம்... சரி.

என்ன கேட்டீங்க?... அந்த மூணு நாளு சாயங்காலம் நான் என்ன செய்வேனா? அதான் மாத்திரைன்னு ஆயிடுச்சே மேடம், அப்பறம் நான் என்ன செஞ்சா என்ன... இல்ல, சொல்றேன், சொல்றேன். ரேடியோவ நிறுத்திடுவேன். செல்போன டிராயர்ல போட்டுடுவேன். கணக்க மொத்தமாக் குடுத்தா அது மெரளும், அதனால ஒரு கணக்கு போட்டா ஒரு வேல. ஒரு கணக்கு, அப்பறம் ஒருத்தருக்கு வெத நிறுக்கணும். ஒரு கணக்கு, அப்பறம் சாக்குக்கு முடிச்சு. தப்பாப் போட்டா திட்ட மாட்டேன், அடுத்த ஆளு வந்துட்டாரு சீக்கிரம்னு சொல்வேன்... ம்... அதுவா? யாரும் சொல்லித் தரல. எனக்கு அப்புடித் தான் எதுவும் ஏறும், அதனால செஞ்சேன்.

செவ்வாய், வியாழனா?... அந்த ரெண்டு நாளு... மேடம், பொய் சொல்ல மாட்டேன். கத்துவேன். வேன்ல எறங்கறப்பவே அது ஆட்டமா எறங்கும், இன்னிக்கு வெளங்காதுன்னு நான் மொதல்லயே தீத்துக்கட்டிடுவேன். செல்போனக் கையில குடுத்து உள் ரூம்ல தள்ளிடுவேன். சிவப்ரியா வந்ததும் யாரு பாத்துக்கிறதுன்னு எங்களுக்குள்ள சண்ட. அதுவும் சத்தமாத் தான். கொஞ்சம் முன்னாடி சத்தமே கெடயாதுன்னு சொன்னேன்ல, அத அழிச்சிடுங்க.

ம்... ம்... அதயும் சேத்துத் தான் பாக்கணுமா?... மாத்திரை மட்டும் இல்ல... நல்ல நேரத்துல குடுத்துட்டோம்ங்கற நம்பிக்கைல நான் பொறுமையா இருந்திருக்கேன்... அந்த மாத்திரை புள்ளைக்கு வேல செஞ்சிச்சோ இல்லியோ, எனக்கு நல்லா வேல செஞ்சிருக்கு, அதானே? அப்ப டாக்டரம்மா, புள்ளைக்குப் பாதி, எனக்குப் பாதின்னு எழுதிக் குடுத்துடுங்களேன்... இல்ல இல்ல, வெளையாட்டுக்கு! வெளையாட்டுக்குச் சொன்னேன். நான் அதத் தொட மாட்டேன். சாமி சத்தியமா.

அப்ப டபுளு?... வேணாமா? நெசமாவா மேடம்?... இப்ப இருக்கற அளவே போதுமா இல்லியான்னு மொதல்ல ஒழுங்காக் குடுத்துப் பாக்கணும்... ஆமாம் ஆமாம், கரெக்டு, கரெக்டு. யக்கா, டபுளு வேணாங்கறாங்க!... ஒனக்கு இல்லக்கா, எங்க புள்ளைக்கு! ஒனக்கும் தான் வேணாம், போ!

சரி மேடம், சாயங்காலம் அப்ப வர வேணாமா?... கட்டாயம் வரணுமா. ரெண்டு பேருமா. மேடம்... ஒரு சின்ன உதவி. இத நீங்களே சிவப்ரியாகிட்ட சொல்லிடுங்களேன். நீங்க சொன்னா நாசூக்காச் சொல்வீங்க. நான் புள்ளயக் கூட்டிக்கிட்டு கீழ பைக்குகிட்ட நிக்கறேன்... இல்லியா?... நான் தான் சொல்லணுமா... ஒங்க முன்னாடியா? அப்ப நடுவுல மேசை இருக்கும்ல? அது போதும்.

காலைல எத்தன மணிக்குன்னு மட்டும் சொல்லிடுங்க. ஏழே காலா? ஏழே கால் பிரமாதம் மேடம்! திங்கள், புதன், வெள்ளி மூணு நாளும் ஏழரைக்கு முன்னாடி உள்ள போயிடும். சிவப்ரியாவ ஆறே முக்காலுக்கே இட்லிய எடுத்து வெக்கச் சொல்லிட்டா... ஆனா மேடம்... நாளைக்கு வியாழக்கெழம... வியாழக்கெழம ஆறுலேர்ந்து ஏழரை எமகண்டம்... இருங்க, வெக்காதீங்க! ஒரு நாளு, ஒரே ஒரு நாளு ஏழே முக்காலுக்குக் குடுக்கறேனே? ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி தானே?... ரொம்ப நன்றி மேடம். எமனுக்கே அட்ஜஸ்ட்டு பண்ற டாக்டரு நீங்க ஒருத்தர் தான்.

இன்னிக்கு மாத்திரையா? இன்னிக்குப் புதன். இதோ, பாக்கெட்ல தான் இருக்கு... குடுக்க வேணாமா? இன்னிக்கு அப்புடியே விட்டுட்டு நாளைக்குக் காலைல... மேடம், மேடம், அது எப்புடி? இன்னும் கொஞ்ச நேரத்துல வேன் வந்துடும். காலைலேர்ந்து ஒண்ணும் சாப்புடாத புள்ள. மாத்திரையச் சொல்றேன். இந்தக் கடைல இப்ப பத்துப் பன்னண்டு பூச்சிமருந்து பாட்டில் அடுக்கி வெச்சிருக்கேன், தட்டி விட்டுட்டா... நீங்க சொல்றது சுலபம்...

வந்துடுச்சு. ஹாரன் கேக்குதா? வேன் வந்துடுச்சு மேடம். இருங்க, வெக்காதீங்க, தயவு செஞ்சி. லைன்லயே இருங்க. எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்.

வாடா கண்ணு! முத்தமிழு! மெதுவா... மெதுவா எறங்கு... பைய வீசாத... முத்தமிழூ! என்ன ப... ம்ஹூம். ஒண்ணும் இல்லடா. ஒண்ணும் இல்ல. வா. பை அங்கயே கெடக்கட்டும்... கத்தல மேடம். பாதியிலயே நிறுத்திட்டேன், கேட்டீங்கல்ல?

இப்ப மூட்ட மேல ஏறிடுச்சு. காசியம்மாக்கா பெஞ்சக் காலி பண்ணிட்டு ஓரமா நின்னுடுச்சு... ரேடியோ? ஆமாம் ஆமாம், நிறுத்தறேன். நிறுத்திட்டேன். அப்பறம் மேடம்?... எப்பவும் செய்யறதையேவா? ஒக்காந்தாத் தானே செய்ய முடியும்? இது எங்க ஒக்காருது... ஒக்காரச் சொல்ல வேணாமா? சரி. சரி, பாக்கறேன்.

முத்தமிழு, அப்பாக்கு ஒரு கணக்குடா. ஒண்ணே ஒண்ணு. ஒரு பெட்டில ஆறு மாம்பழம். நாலு பெட்டி. மொத்தம் எவ்வளவு?... ஸ்டூலு வேணாம், நீ அங்கயே நில்லு, எறங்க வேணாம்... மேடம், காதுலயே வாங்கல. அந்தக் கோடி மூட்டைக்குத் தாவிடுச்சு. திரும்பி வருது. மறுபடி தாவுது. நான் சொன்னேன்ல, மாத்திரை இல்லாம இது... இருங்க.

இருங்க மேடம்.

எண்ணுது! மூட்டைய எண்ணுது மேடம். ஆறு மூட்ட அடுக்கி வெச்சிருக்கேன், ஒண்ணொண்ணு மேலயும் ஒரு குதி, ஒரு சுத்துக்கு ஒரு பெட்டி. இது ரெண்டாவது பெட்டியாம். அது சொல்லுது... ம்... மூணாவது பெட்டி... யக்கா, நீ சும்மா இரு, நடுவுல பேசாத... நாலு... என்னடா தங்கம்? சொல்லு!... இருபத்திமூணு.

இருபத்திமூணுங்குது மேடம். தப்பு. ஒரு மூட்டைய விட்டுத் தாவிடுச்சு, நானே பாத்தேன்... ம்... சொல்லல. தப்புன்னு சொல்லல. நாக்கக் கடிச்சிக்கிட்டு நிக்கறேன். என் வாழ்க்கைலயே நான் இவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்ல.

பேசாதீங்க, பேசாதீங்க. என்னையே பாக்குது... அதுவா திரும்பிப் போவுது மேடம். நான் ஒண்ணும் சொல்லல. மொத மூட்டைலேர்ந்து மறுபடி குதிக்குது. வாய்க்குள்ள எண்ணிக்கிட்டே... மெதுவா... ஒண்ணொண்ணா...

இருபத்திநாலு! மேடம்! இருபத்திநாலு! கேட்டுச்சா ஒங்களுக்கு? எங்க கடை பூரா கேட்டிருக்கும். குதிச்சிக்கிட்டே போட்டுச்சு மேடம், சட்டை பூரா உரம், சட ஒண்ணு அவுந்து போச்சு, ஆனா போட்டுடுச்சு. என்கிட்ட தான் போட்டுச்சு... என்னடா? என்ன வேணும்? தண்ணியா?... மேடம், நான் வெச்சிடறேன், கிளினிக்ல பாக்கலாம். புள்ள அடுத்த கணக்கு கேக்குது.